கூடாரத்துள் ஓர் அடுப்பு

அடுப்பு மூட்டுதல் ஒரு கலையா என்று வினவினால் நம் இல்லத்தரசிகள் நகைப்பர். பன்னாடை ஒரு துண்டு, காய்ந்த காவோலை ஒரு பிடி, அதன்மேல் நாலைந்து ஊமல் அல்லது சிரட்டை, அப்பால் இரண்டு கொள்ளி. இத்தனையும் கைக்கெட்டுமாயின், பேச்சை நிறுத்தாமலே அவர்கள் உலையைக் கொதிக்கவைத்துவிடுவர். அத்தகைய கைதேர்ந்தோரையும் கண்கலங்க வைக்கும் அடுப்பு ஒன்றுண்டு. பின்லாந்து, சுவீடன், கனடா முதலிய குளிர்நாடுகளிலே, உறைபனி மூடிய காட்டிடையே துணிக்கூடாரம் அமைத்து, அதற்குள்ளே வைத்து எரிக்கும் மெல்லிய தகட்டடுப்பே அஃது.

யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு இதனை ஆராய்வது ஏன் என்று சிலர் கேட்கலாம். நம்மவர் பிள்ளைகள் இன்று நோர்வேயிலும் கனடாவிலும் வளர்கின்றனர். சாரணர் குழுவோடும் தோழரோடும் பனிக்காலத்திற் காடேகி இராத் தங்குவாரும் அவருட் சிலர் உளர். நம்மிடம் பௌதிகம் பயின்று இப்போது கனடாவில் வாழும் மாணவர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதத்தில், “கூடாரத்திலிருந்த நால்வரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பனிக்குள் ஓடிவந்தோம், அடுப்பு மட்டும் உள்ளே சுகமாக இருந்தது” என்று வேடிக்கையாகக் குறித்திருந்தார். ஆனால் வேடிக்கையோடு முடியும் காரியம் அன்று இது. மூடிய கூடாரத்துள்ளே சரிவர இழுக்காத அடுப்பு, சோற்றுக்கன்றி உயிருக்கே உலைவைத்துவிடும். ஆதலின் அவருக்கு எழுதிய விடையைச் சற்று விரித்து இங்கே தருகின்றோம்.

அடுப்பென்றதும் கனத்த இரும்புப் பெட்டியொன்றை மனத்திற் கொள்ளவேண்டா. இது முதுகிற் சுமந்து செல்வோருக்கென ஆக்கப்பட்டது. மெல்லிய உலோகத் தகடுகளைக் கொக்கியிட்டு இணைத்தால் ஒரு சிறு பெட்டியாகும். கழற்றி அடுக்கினால் அப்பியாசக் கொப்பிகள் சிலவற்றின் பருமன்தான் இருக்கும். கடைக்காரர் டைட்டானியம் என்பதும் நமது பாடநூல்கள் தைத்தேனியம் என்பதும் ஒரே உலோகம். இக்காலத்து இலேசான அடுப்புகள் பெரும்பாலும் அதனாலாயவை. நீரினும் நாலரை மடங்கு அடர்த்தி அதற்கு. உருக்கிற்கோ ஏறத்தாழ எட்டு மடங்கு. அடுப்பும் குழாயுமாகச் சேர்ந்து ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோகிராம் நிறையே உள்ளனவும் உண்டு.

குழாயின் அமைப்புத்தான் வியப்புக்குரியது. இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட நீளமும், மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு அளவான தடிப்பும் உடைய தகடு அது. பாயைப்போற் சுருட்டிப் பையினுள் வைத்துக்கொண்டு, தங்குமிடம் சேர்ந்ததும் விரித்து, மறுதிசையிற் சுருட்டி, வளையங்களாற் பிணைத்தாற் குழாயாகிவிடும். முதன்முறை சுருட்டும்போது இருவர் கையும் ஒருவர் பொறுமையும் வேண்டும். கையுறையும் கட்டாயம், தகட்டின் விளிம்பு சவர அலகுபோல் வெட்டும். ஒருமுறை நெருப்பிலே நன்கு காய்ந்துவிட்டால் அவ்வடிவத்தைத் தகடு மறவாது. பிறகு தானே சுருண்டுகொள்ளும். அம்முதல் எரிப்பை வெட்டவெளியிலே செய்துகொள்வது அறிவுடைமை.

கூடாரத்துள் அடுப்பு வைப்பது புதுமையன்று. ஹென்றி ஹொப்கின்ஸ் சிப்லி என்னும் அமெரிக்கப் படை அதிகாரி, பழங்குடியினரின் தோற்குடில்களை முன்மாதிரியாகக் கொண்டு, கூம்பு வடிவக் கூடாரமொன்றை அமைத்து 1856ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 12 அடி உயரமும் 18 அடி விட்டமும் உடையது அது. அவர் பெயரால் வழங்கிய அடுப்போ அடித்தட்டில்லாத ஒரு தகட்டுக் கூம்பு. கவிழ்த்து வைத்த புனலை ஒத்தது. வெறுந்தரையில் நிறுத்தி உச்சியிற் குழாயைச் செருகுவர், அவ்வளவே. கூடாரம் வழக்கொழிந்த பின்னரும் அடுப்பு இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முன்வரை அமெரிக்கப் படையில் நிலைத்திருந்தது. சிப்லி 1861இல் தென்மாநிலங்களின் படையிற் சேர்ந்து தம் பழைய தோழரையே எதிர்த்துப் போரிட்டார்; அவருடைய அடுப்பு மாத்திரம் அரசின் பக்கமே இருந்துவிட்டது!

1939 நவம்பர் 30இலிருந்து 1940 மார்ச் 13 வரை நிகழ்ந்த பின்லாந்து–சோவியத் போரிலே, இருபதின்மர் படுக்கத்தக்க கூடாரமும் அதன் நடுவே ஒரு விறகடுப்பும் பின்லாந்து வீரருக்கு வாய்த்திருந்தன. வெளியே பூச்சியத்தின் கீழ் 40 பாகை செல்சியசு வரை குளிர் இறங்கிய இரவுகளில், அவர்கள் அதற்குள் ஈர உடையை உலர்த்தி உறங்கினர். எதிர்த்தரப்பினர் பலர் திறந்தவெளித் தீயைச் சுற்றிக் குந்தியிருந்தனர். அப்போரின் போக்கை எழுதுவோர் துப்பாக்கியையும் பனிச்சறுக்குக் கட்டையையும் சொல்லுமளவுக்கு அடுப்பையும் சொல்லவேண்டுமென்பது நம் எண்ணம்.

குழாயே அடுப்பு

நமது மண்ணடுப்புக்கு வாய் அகலம். காற்று வேண்டிய பக்கத்தால் நுழையும். புகை வேண்டிய பக்கத்தாற் போகும். புகைக்கூடு இருந்தால் நன்று, இல்லாவிடினும் கூரைக்கும் சுவருக்கும் இடையே வழியுண்டு. தகட்டடுப்போ ஒரு வாயும் ஒரு மூக்கும் மட்டுமே உடையது. காற்று கதவின் கீழுள்ள துளையால் நுழையவேண்டும். புகை குழாயாற் போகவேண்டும். அக்காற்றை உள்ளே தள்ளுவதற்கு எவரும் இல்லை. குழாய்தான் இழுக்கவேண்டும். நெருப்புப் பெட்டியை அடுப்பென்றும் குழாயை அதன் வாலென்றும் எண்ணுவதாலேயே இடர்ப்பாடு அனைத்தும் விளைகின்றன. உண்மையில் வேலை செய்வது குழாய். பெட்டி அதற்கு வெப்பம் ஊட்டும் இடம்.

இழுவை எங்ஙனம் உண்டாகின்றது? சூடேறிய காற்று பரந்து இலேசாகின்றது. பூச்சியத்தின் கீழ் 10 பாகையிலுள்ள வெளிக்காற்று ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 1.34 கிலோகிராம் நிறையுள்ளது. 200 பாகை வெப்பமுள்ள குழாய்க் காற்று அதே கனவளவில் 0.75 கிலோகிராமே இருக்கும். குழாயினுள் நிற்பது இலேசான தூண். வெளியே நிற்பது கனத்த தூண். தராசின் இரு தட்டுகள் போலக் கனத்தது தாழ இலேசானது எழும். இரண்டு மீற்றர் உயரக் குழாய்க்கு இவ்வேற்றுமையைக் கணக்கிட்டால், கிடைக்கும் அமுக்கம் ஏறத்தாழ 12 பஸ்கால். நீர்த்தூணாகச் சொன்னால் ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும். ஊதாங்குழலில் நாம் விடும் மூச்சு இதனிலும் பன்மடங்கு வலிது.

இத்துணைச் சிறிய வலுவினாலேயே அடுப்பு முழுவதும் உயிர்வாழ்கின்றது. ஆதலால் அதனைக் கெடுப்பதற்கும் பெரிய காரணம் வேண்டுவதில்லை. குழாயின் நுனியிற் கொஞ்சம் கரி படிந்தாலும், கூடாரச் சரிவிலிருந்து ஒரு காற்று கீழ்நோக்கிப் புரண்டாலும் அந்த 12 பஸ்கால் தீர்ந்துபோகும். நெருப்பு மூட்டும் முதற் கணத்திலோ அதுவுமில்லை. குழாயும் வெளியும் ஒரே குளிரில் இருக்கின்றன. தராசு அசைவற்று நிற்கின்றது. சிறு சுடரிலிருந்து எழும் புகை, பனிபோற் குளிர்ந்த தகட்டைத் தீண்டியதும் தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயங்கி, வந்த வழியே திரும்பிக் கதவால் வெளிவருகின்றது. குளிர்காற்று ஒரு தக்கைபோற் குழாயை அடைத்துநிற்கின்றது என்று கொள்க.

இவ்வுண்மையைப் பெருமேதைகளும் அடுப்பினிடமே கற்கவேண்டியிருந்தது. பெஞ்சமின் பிராங்கிளின் தாம் அமைத்த புகழ்பெற்ற அடுப்பைப் பற்றி 1744இலே ஒரு சிறுநூல் வெளியிட்டார். வெப்பம் வீணாகாதிருக்கப் புகையை முதலிற் கீழே இறக்கி, அப்பால் புகைபோக்கிக்கு அனுப்பும் ஏற்பாடு அதில் இருந்தது. கணக்கிலே அழகானது. ஆனால், மேலே செல்லவிரும்பும் புகையைக் கீழே போவென்றால் அது எளிதில் இசையுமா? நெருப்பு ஓங்கி எரிந்தபோது இழுத்தது. தணிந்தபோது அறைக்குட் புகைந்தது. பின்னர் வந்தோர் அச்சுற்றுவழியை நீக்கி நேர்வழி அமைத்தபோதே அவ்வகை அடுப்பு வீடுகளில் நிலைபெற்றது.

நாம் கல்லூரி முற்றத்தில் மாணவரைக்கொண்டு இதனைச் செய்து பார்த்ததுண்டு. பால்மாப் பேணிகள் பலவற்றின் அடியை நீக்கி ஒன்றன்மேலொன்று கோத்துக் குழாயாக்கி, பிஸ்கற் தகரமொன்றை அடுப்பாக்கினோம். கதவருகே கொளுத்திய ஊதுவத்தியொன்றைப் பிடித்தாற் போதும், வேறு கருவி வேண்டா. அதன் புகைநூல் நேரே மேலெழுமாயின் இழுவை இல்லை. அடுப்பின் வாய்க்குள் வளைந்து நுழையுமாயின் இழுவை பிறந்துவிட்டது. வெறும் தகரத்தில் நேராக நின்ற புகைநூல், குழாயின் அடிவாயிலே ஒரு கடதாசிச் சுருளை எரித்த சில நொடிகளில், ஏதோ கூப்பிட்டாற்போல் உள்ளே திரும்பியது. பிள்ளைகள் கைதட்டினர். குளிர்நாட்டிலே வெளிக்காற்றுக் கனத்தது. ஆதலின் ஒரே சூட்டுக்கு அங்கே இழுவை நம்மூரிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கும்.

விறகு

விறகைப்பற்றி நம்மவர்க்கு அதிகம் சொல்லவேண்டா. ஈரவிறகின் குணம் மார்கழி மழையில் அடுப்பூதிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் பனிக்காட்டிலே விறகின் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அது உறைந்து கிடக்கும். அப்போது வெட்டிய பச்சைமரத்தில் நிறையிற் பாதிவரை நீராயிருத்தல் உண்டு. ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க 80 கிலோகலோரி, கொதிநிலைக்கு ஏற்ற 100, ஆவியாக்க 540, ஆக 720. உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் தருவது ஏறத்தாழ 4,400. ஆறிலொரு பங்குதானே நட்டம் என்று கணக்குப் பார்ப்போர் ஏமாறுவர். நீர் முற்றும் போகும்வரை விறகின் உட்புறம் 100 பாகையைத் தாண்டாது. அதற்கு மிக மேலான வெப்பத்திலேதான் விறகிலிருந்து எரிவாயு பிரியும். எரிவாயு பிரியாவிட்டாற் சுடரில்லை. சுடரில்லாவிட்டாற் குழாய்க்குச் சூடில்லை. குழாய்க்குச் சூடில்லையேல் இழுவையில்லை. எஞ்சுவது கண்ணீர்.

வடநாட்டார் இதற்கென நிலத்திற் கிடக்கும் கட்டையை நாடுவதில்லை. நின்றபடியே பட்டுப்போன ஊசியிலை மரத்தைத் தேடுவர். பனியும் மழையும் வழிந்துபோவதால் அதன் உள்ளுடல் உலர்ந்திருக்கும். தட்டினால் ஓசை எழும். அதனைச் சிறு துண்டாக அறுத்து, கைவிரற் பருமனுக்குப் பிளந்துகொள்வர். பிளத்தல் முக்கியம், வெளியே நனைந்த கட்டைக்கும் உள்ளே உலர்ந்த முகம் இருக்கும். பற்றவைப்பதற்குப் பூர்ச்சமரத்தின் பட்டை அவர்களுக்கு வாய்த்திருக்கின்றது. தாள்போல் உரிந்துவரும் அப்பட்டையில் இயற்கையாகவே எண்ணெய்ப் பற்று உண்டு. நனைந்திருந்தாலும் கரும்புகை விட்டு எரியும். நமக்குப் பன்னாடை எப்படியோ அவர்களுக்கு அப்படி. பிசின் ஊறிய ஊசியிலை மரத்தின் வேரடியும், கிளை புறப்படும் மூட்டும் அதற்கு அடுத்த நிலையின.

மூட்டும் முறை

மூட்டுமுன் அடுப்பின் கால்களைப் பார்க்கவேண்டும். பனியின்மேல் நேரே வைத்தால் கீழிறங்கும் சூட்டினால் பனி உருகி, ஒரு கால் புதைந்து, குழாய் சாயும். இரண்டு பச்சைக் கட்டைகளைக் குறுக்கே இட்டு அவற்றின்மேல் வைப்பது வழக்கம். குழாயின் தலை கூடார முகட்டினும் உயர்ந்து நிற்கவேண்டும். குழாய் துணியைக் கடக்குமிடத்தில் கண்ணாடிநாரால் நெய்த தீப்பற்றாத வட்டம் இருக்கவேண்டும். படுக்கையையும் உடுப்பையும் எட்ட வைக்கவேண்டும். இவை வெளிப்படை.

இனி நெருப்பு. நம் வழக்கம் கீழே பற்றவைத்து மேலே விறகடுக்குவது. இங்கே அதனைத் தலைகீழாக்குவது நலம். பருத்த துண்டு இரண்டு கீழே. அவற்றின்மேல் விரற் பருமன். அதன்மேல் பென்சிற் பருமன். உச்சியிற் பட்டையும் சீவலும். உச்சியிலேயே கொளுத்துக. சுடர் குழாய்வாய்க்கு அண்மையில் இருப்பதால் அதன் சூடு வீணாகாது குழாயைச் சேரும். கீழ்விறகு மெல்லச் சூடாகி விடும் புகையும் மேலுள்ள சுடரினூடே செல்லவேண்டியிருப்பதால் எரிந்து தீரும். நெருப்பில்லாமற் புகையாது என்பர் நம் மூத்தோர். இவ்வடுப்பிலோ நெருப்பு வலுத்தாலன்றிப் புகை ஒழியாது.

அதற்கும் முன்னே, குழாயின் தடுப்புத் தகட்டை முழுதாகத் திறந்துவைத்து, ஒரு பட்டைச்சுருளைக் கொளுத்திக் குழாயின் அடிவாயிற் சில நொடி பிடிக்கவேண்டும். பேணிக்குழாயிலே கண்டது இதுதான், தக்கை போய்விடும். தகடு மெல்லிது, கற்புகைபோக்கி சூடேற அரைமணி வேண்டுமாயின் இதற்கு ஒரு நிமிடமும் வேண்டாம். பட்டை உச்சியிற் பற்றியதும் கதவை முற்றும் மூடாது இரண்டு விரலளவு நீக்கிவைக்கவேண்டும். அகலத் திறந்தால் நல்லதென்று தோன்றும்; ஆனால் தேவைக்கு மிஞ்சிய குளிர்காற்று நெருப்பைத் தொடாமலே குழாயுட் சென்று அதனைக் குளிரச்செய்யும். ஒடுங்கிய வாயால் விரைந்து நுழையும் காற்றே நெருப்பின் அடியைத் தேடிப்போகும். நமது ஊதாங்குழல் நுனியில் ஒடுங்கியிருப்பதும் இதனாலன்றோ?

பிறகு காதாற் கேட்கவேண்டும். முதலில் வெடிப்பும் சடசடப்பும். சற்று நேரத்திற் குழாயினுள் ‘கும்’ என்றொரு முழக்கம் எழும். அம்முழக்கம் எழுந்தபின்னரே கதவை மூடி, கீழ்த்துளையாற் காற்றை அளந்து விடலாம். முழக்கம் மிகுந்து குழாய் செந்நிறம் காட்டுமாயின் தடுப்புத் தகட்டைக் கொஞ்சம் திருப்புக. அவசரப்பட்டு முன்னமே மூடுவோரே மறுபடி மூட்டுகின்றனர். விறகிடக் கதவைத் திறக்கும்போதும் ஓர் ஒழுங்குண்டு: முதலிலே தடுப்புத் தகட்டைத் திறந்து, சில நொடி பொறுத்து, கதவை ஒரு விரலளவு நீக்கி, அப்பால் முழுதும் திறக்கவேண்டும். திடீரெனத் திறந்தால் அடுப்பு இருமும்.

எல்லாம் முறைப்படி செய்தும் முதல்நாள் நன்றாக இழுத்த அடுப்பு மறுநாட் புகைந்தால், குழாயின் தலையிலுள்ள பொறிவலையைப் பார்க்க. தீப்பொறி பறந்து கூடாரத் துணியைத் துளைக்காதிருக்க அங்கே நுண்ணிய கம்பிவலை வைப்பர். மந்தமான நெருப்பிலிருந்து எழும் கீல்போன்ற கரும்பிசின் அவ்வலைக் கண்களை அடைத்துவிடும். ஒரு குச்சியால் தட்டினாலே பெரும்பாலும் உதிரும். கூடார அடுப்பின் நோய்களுட் பாதி அவ்வலையிலே இருக்கின்றது. மற்றொன்று கூடாரமே. காற்றுப் புகாதிருக்கச் சுற்றிவரப் பனியை வாரி அணைகட்டிவிட்டு, அடுப்பு இழுக்கவில்லை என்று முறையிடுவார் உளர். உள்ளே வராத காற்றை அடுப்பு எங்கிருந்து இழுக்கும்? அடியிலே ஒரு கைப்பிடி அகலம் திறந்திருக்கவேண்டும், வாயிலில் ஒரு சிறு விலக்கும் வேண்டும்.

உறக்கமும் அடுப்பும்

இதுவரை சொன்னது கண்ணெரிவைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

இலேசான அடுப்புக்கு ஒரு குறையுண்டு. அதற்குச் சூட்டைச் சேர்த்துவைக்கத் தெரியாது. கல்லடுப்பு நெருப்பவிந்தபின்னும் மணிக்கணக்காகச் சூடாயிருக்கும். அதன் புகைபோக்கியும் இழுத்துக்கொண்டேயிருக்கும். தாள்போன்ற தகடோ நெருப்புத் தணிந்த சில நிமிடத்திலே குளிர்ந்துவிடும். விரைவாகச் சூடேறுவதற்கு நாம் மெச்சிய அதே குணம், விரைவாகக் குளிர்வதற்கும் காரணமாகின்றது. நெருப்புத் தணிய இழுவை தணியும். இழுவை தணியக் காற்றுக் குறையும். காற்றுக் குறைய நெருப்பு மேலும் தணியும். ஆகவே இவ்வடுப்பிற் சிறு விறகை அடிக்கடி இடவேண்டும். இரவு முழுவதும் எரியட்டும் என்று பெருங்கட்டையைத் திணித்து, காற்றுத் துளையை அடைத்து, தடுப்புத் தகட்டையும் திருப்பிவிட்டுப் படுப்பது, கல்லடுப்பின் வழக்கத்தைத் தகட்டடுப்பிற் செய்வதாகும்.

அங்ஙனம் காற்றின்றிப் புழுங்கும் நெருப்பிலே காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, குமட்டல், கை கால் சோர்வு. தூங்குவோருக்கு இவையும் தெரியா. புகை கண்ணைக் கடித்து நம்மை வெளியே துரத்துகின்றது. அஃது ஒருவகையில் நண்பன். புகையேயில்லாத செந்தணல் அழகாகக் கனன்றுகொண்டிருக்கும் வேளையே அஞ்சத்தக்கது. அப்போது கரி எரிகின்றது, குழாய் குளிர்கின்றது, வாயு போகும் வழி தயங்குகின்றது. நுவரெலியாக் குளிருக்கு அஞ்சிக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்க நினைப்போரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். கரிச்சட்டிக்குக் குழாய்தானும் இல்லை.

அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்ட் பேர்ட் என்பாரின் வரலாறு இதற்குச் சான்று. வானிலை ஆராய்ச்சிக்காக அவர் 1934ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலிருந்து அந்தாட்டிக்காவிலே, தலைமை முகாமுக்குத் தெற்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில், பனியுட் புதைத்த ஒரு சிறு மரக்குடிலிற் தனித்திருந்தார். அவர் அடுப்பு விறகடுப்பன்று, எண்ணெயால் எரிவது. ஆயினும் குழாயின் விதி ஒன்றே. குழாயின் பொருத்துகள் ஒழுகின. காற்று வழிகளை உறைபனி அடைத்தது. மே மாத இறுதியில், வானொலிக்கு மின்னூட்டும் இயந்திரத்தின் புகையும் சேர, அவர் மயங்கி வீழ்ந்தார். அதன் பின் அவர் வாழ்வு ஒரு கொடிய தராசிலே நின்றது: அடுப்பை மூட்டினால் நஞ்சு, அணைத்தாற் குளிர். நாளிற் சில மணிநேரம் அணைத்தும் சில மணிநேரம் மூட்டியும் மாதக்கணக்கில் உயிரைப் பிடித்திருந்தார். தம் நிலையை அறிவித்தால் இருண்ட குளிர்காலத்திலே தம்மைத் தேடிவருவோர் மடிவர் என்று அதனை மறைத்தார். அவர் அனுப்பிய தந்திக்குறிகளின் தடுமாற்றமே தலைமை முகாமிலிருந்தோர்க்கு ஐயத்தைத் தந்தது. மூவர் இழுவை வண்டியிற் புறப்பட்டு, ஆகஸ்ட் மாதம் அவரை உயிரோடு கண்டனர். ஒக்ரோபரிலேதான் அவர் விமானமேறித் திரும்புமளவுக்குத் தேறினார். 1938இல் தாம் வெளியிட்ட நூலில் அவர் இதனையெல்லாம் விரித்துரைத்திருக்கின்றார்.

பின்லாந்துப் படையிலும் சுவீடன் படையிலும் இதற்கு எளிய பரிகாரம் கண்டிருக்கின்றனர். கூடாரத்தில் எத்தனை பேர் துயின்றாலும் ஒருவர் விழித்திருப்பார். நெருப்பைக் காப்பதே அவர் பணி. சிறு விறகை முறையாக இடுவார், குழாயின் முழக்கத்தைக் கேட்பார், துணியிற் பொறி விழாது பார்ப்பார். தம் முறை முடிந்ததும் அடுத்தவரை எழுப்பிவிட்டுப் படுப்பார். பின்லாந்து வீரர் அவ்வேலைக்காரருக்குத் ‘தீப்பொறி மிக்கோ’ என்று செல்லப்பெயரும் இட்டிருக்கின்றனர். மிக்கோ என்பது அந்நாட்டில் நம்மூர்க் கந்தையா, செல்லையா போன்ற பெயர்.

தனியே செல்வோருக்கும் இருவராகச் செல்வோருக்கும் அம்மிக்கோ கிடையாது. அவர்கள் செய்யத்தக்கது, படுக்குமுன் அடுப்பை எரியவிட்டு முடிப்பதே. கடைசி விறகு சுடராக எரிந்து, தணலும் சாம்பலாகும்வரை காற்றுத் துளையும் தடுப்புத் தகடும் திறந்தபடியே இருக்கவேண்டும். பின்னர்க் கனத்த படுக்கைப் பையை நம்பி உறங்கவேண்டும். காபனோரொட்சைட்டைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு மின்கருவிகளும் இப்போது விற்கப்படுகின்றன. வாங்கிவைப்பது நன்று; மின்கலம் கடுங்குளிரிற் சோரும் என்பதையும் மறவாது, பகலில் அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

விடியலில் குளிர் கடுமையாயிருக்கும். படுக்கைப் பையிலிருந்து கையை மட்டும் நீட்டி மூட்டத்தக்கதாக, பட்டையும் சீவலும் விரற்பருமன் விறகும் இரவே அடுக்கி வைத்திருப்பவரே அந்நேரத்தில் அரசர். தேநீர் குடித்து முடிந்தபின் அடுப்பு ஆறுவதற்கு அதிக நேரம் செல்லாது. சாம்பலைக் கூடாரத்துக்கு எட்ட, பனியிற் கொட்டி மூடி, வலையைத் தட்டி, குழாயின் உட்புறத்தை ஒரு பழந்துணியால் துடைத்துச் சுருட்டவேண்டும். துடைக்காது சுருட்டினாற் பிசின் ஒட்டிக்கொள்ளும்; அடுத்த முகாமிலே அதனைப் பிரித்தெடுக்க அரைநாள் செல்லும், கையும் இரண்டு நாளைக்குக் கறுத்திருக்கும்.